கையெழுத்துக்கும் தாலிக்கும் இடையில் கமலவேணி அக்கா

கமலவேணி அக்கா காலமான செய்தி எனக்கு ஒரு கேள்வியோடு சேர்ந்துதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகம் போவதற்காகப் பீச் ஸ்திரீட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தேன். தாசேக் கெலுகோரிலிருந்து நளினி அழைத்தாள். அக்காவின் தம்பி மகள். கடைசி ஒரு வருடம் அக்கா அவர்கள் வீட்டில்தான் இருந்தார். "அங்கிள், அத்தை போயிட்டாங்க. தூக்கத்துலயே," என்றாள். நான் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பேப்பர்ல போடணும் அங்கிள். அத்தை பேருக்கு முன்னால திருமதின்னு போடறதா, செல்வின்னு போடறதா? அப்பா தெரியலேங்கறாரு. உங்களக் கேக்கச் சொன்னாரு," என்றாள்.

பதினோரு வருடம் சனிக்கிழமைதோறும் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஊரில் இருப்பவர்களின் பெயரையெல்லாம் படிவத்தில் நிரப்பியவன் நான். அந்த ஒரு பெயருக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அழைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, இன்னும் திறக்காத ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இதை வாசிப்பவர்களில் பலர் அக்காவின் முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்களாக இருப்பீர்கள். ஜார்ஜ்டவுனில் எங்கள் சங்கக் கட்டடத்தின் மாடி, மெதுவாகச் சுற்றும் மின்விசிறி, பச்சை விரிப்புப் போட்ட மேசை, அதற்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியோடு ஒல்லியான ஒரு பெண்மணி. திருமணத் துணைப் பதிவாளர் என்பது அரசாங்கம் கொடுத்த பதவி. சம்பளம் கிடையாது. சட்டப்படி ஒரு கல்யாணம் செல்லுபடியாக வேண்டுமென்றால் அப்படி ஒருவர் முன்னால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கோயிலில் தாலி கட்டுவது வேறு நாள், வேறு கூட்டம், வேறு சாப்பாடு. நம் வீடுகளில் இரண்டுக்கும் நடுவே சில மாதங்கள் ஓடிவிடும், சில வீடுகளில் ஒரு வருடம்கூட. அந்த இடைவெளியைப் பற்றித்தான் நான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். விரல் நகத்தைவிடச் சின்னதான சில்லுகளை நுண்ணோக்கியில் பார்த்து, கீறல் இருப்பதைத் தனியே ஒதுக்கும் வேலை. ஓய்வு பெற்ற பிறகுதான் சங்கத்துக்கு வந்தார். "சிப்புன்னா உத்துப் பாத்தாப் போதும் தம்பி, கீறல் தெரிஞ்சுடும். மனுஷங்களப் பாத்தாத் தெரியாது, கேக்கத்தான் வேணும்" என்பார். கேட்கவும் செய்தார். யாரை, எப்போது, எதைக் கேட்பார் என்று ஒருவருக்கும் தெரியாது.

அவர் பெயர் பதிவாளர் பதவிக்கு வந்தபோது செயலவையில் ஏழு பேர் இருந்தோம். கணவனைப் பிரிந்து வாழும் ஒரு பெண் புதுத் தம்பதிகளுக்குக் கையெழுத்துப் போடலாமா என்று ஒருவர் ஆரம்பித்தார். மங்கல காரியம் இல்லையா, பெற்றோர்கள் என்ன நினைப்பார்கள் என்று இன்னொருவர். வாக்கெடுப்பு நடந்தது. நாலு பேர் வேண்டும் என்றார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்று கை தூக்கிய மூன்று பேரில் நானும் ஒருவன். அப்போது என் மகள் படிவம் ஆறில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பில், படித்துக்கொண்டிருந்தாள். பெண்ணைப் பெற்றவன் என்ற பயம் தவிர வேறு காரணம் எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. படிவம் நிரப்ப ஆள் இல்லாமல் அடுத்த மாதமே என்னை அவருக்கு உதவியாகப் போட்டார்கள். யார் யார் கை தூக்கினார்கள் என்பது அவருக்குத் தெரியும். எங்கள் சங்கத்தில் எதுவும் தெரியாமல் இருக்காது. உலகத்தில் எல்லாரையும் எல்லாவற்றையும் கேட்டவர், அந்த ஒன்றை மட்டும் என்னிடம் கடைசி வரை கேட்கவேயில்லை.

ஒரு கல்யாணத்தில் அவர் கோயில் குருக்களை மடக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலை பத்தரை மணி. தாலி ஏறிவிட்டது. குருக்கள் மணமக்களை வாசலுக்கு அழைத்துவந்து, வெயிலில் கண் கூசும் வானத்தைக் காட்டி, அதோ அருந்ததி, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்ததாகத் தலையாட்டினார்கள். அக்கா மெல்லக் குருக்கள் பக்கத்தில் போய், பகலில் நட்சத்திரம் எப்படித் தெரியும் என்று கேட்டார். கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். குருக்கள் சிரித்துவிட்டு, தானும் சின்ன வயதில் அப்பாவிடம் இதையே கேட்டதாகவும், அந்தக் காலத்தில் கல்யாணம் இரவெல்லாம் நடந்தது, இப்போது மண்டபம் பகல் இரண்டு மணி வரைக்கும்தான் கிடைக்கிறது என்று அப்பா சொன்னதாகவும் சொன்னார். அக்காவுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. "அப்போ மண்டபக்காரன் நேரத்த மாத்துனான், நம்ம நட்சத்திரத்த மாத்தல," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு அந்தக் குருக்களும் அவரும் சிநேகிதர்கள் ஆனார்கள். ஏதாவது சந்தேகம் வந்தால் அக்கா அவருக்குத் தொலைபேசியில் அழைத்துவிடுவார்.

புதுப் பழக்கங்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். மருதாணி இரவு என்று தனியாக ஒரு நாள், மணப்பெண் ஆடிக்கொண்டே மண்டபத்துக்குள் நுழைவது, விருந்தில் சீனர்களைப் போல எல்லாரும் எழுந்து நின்று கோப்பையைத் தூக்கி மூச்சு முட்டக் கத்துவது, சுவர் ஓவியங்களுக்கு முன்னால் நின்று கல்யாணத்துக்கு முன்பே படம் எடுத்துக்கொள்வது. மற்ற பெரியவர்கள் முகம் சுளிக்கும் இடத்தில் அக்கா கிட்டப்போய் விசாரிப்பார். ஒரு பெண்ணின் அம்மா, "என்ன பண்றதுக்கா, இந்தக் காலத்துப் பிள்ளைங்க" என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் ஆரம்பித்தார். அக்கா குறுக்கிட்டு, தான் குறை சொல்ல வரவில்லை, இவர்கள் குடும்பத்தில் இதை முதலில் செய்தது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். அந்த அம்மா யோசித்து, பெரிய அக்காள் மகள் என்றார். "அப்ப அவங்க தைரியசாலி" என்று சொல்லிவிட்டு அக்கா சாப்பிடப் போனார். கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் கல்யாணத்துக்குப் போய் வந்தபோது, கோயில் பீடத்தின் முன்னால் மோதிரம் மாற்றிய கையோடு தாலியும் கட்டினார்கள் என்றும், தாலியில் புறா இருந்தது என்றும், அது யார் யோசனையாக இருக்கும் என்றும் ஒரு வாரம் பேசினார்.

சனிக்கிழமைகளில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கையெழுத்துக்கு முன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாகப் பக்கத்து அறைக்குக் கூப்பிடுவார். ஐந்து நிமிடம். கூட வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். "நேரமாச்சு லா அக்கா, சாப்பாடு ஆறிப்போயிரும்" என்று கெஞ்சுவார்கள். உள்ளே அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நீ கட்டிக்கொள்ளப் போகும் ஆளைப் பற்றி உனக்கு இன்னும் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல். பெரும்பாலும் திணறுவார்கள். ஒரு மாப்பிள்ளை, எட்டு வருடம் பழகியாயிற்று, எல்லாமே தெரியும் என்றானாம். "எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னா இனி நாப்பது வருஷம் என்ன பேசுவீங்க?" என்று கேட்டுவிட்டு அவனை இன்னும் ஐந்து நிமிடம் அங்கேயே உட்கார வைத்தார். வெளியே வந்தவன் பெண்ணிடம் ஏதோ காதோடு கேட்டான், அவள் சிரித்துவிட்டாள். வேறொரு நாள், ஒரு பெண் அந்த அறையில் உட்கார்ந்து, தனக்கு எதுவுமே தெரியாது, அம்மாவுக்குத்தான் தெரியும் என்று சொன்னாள். அந்தக் கையெழுத்து அன்று நடக்கவில்லை. அக்கா அந்தக் குடும்பத்தை இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார். பெரிய சண்டை ஆயிற்று, செயலவை வரைக்கும் போனது. அவர்கள் வேறு இடத்தில் பதிந்துகொண்டார்கள். அக்கா செய்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று வருடக்கணக்காக விசாரித்துக்கொண்டிருந்தார்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

நாலு வருடத்துக்கு முன் என் மகள் தர்ஷினிக்கும் விக்னேசுக்கும் கல்யாணம் நிச்சயமானது. விக்னேஸ் பாயான் லெப்பாஸில் டெக்னீஷியன். அம்மா இல்லை, அப்பா கோலாலம்பூரில் வேலை. செபராங் ஜெயாவில் இருவர் பேரிலும் ஒரு ஃபிளாட் வாங்குவதற்காக முதலில் ரிஜிஸ்டர் செய்துவிடலாம் என்றார்கள். நானும் சரி என்றேன். ஒரு சனிக்கிழமை அவர்களும் வந்து பச்சை விரிப்பு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். படிவத்தை நான் நிரப்பினேன், அக்கா கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் தர்ஷினி எப்போதும்போலத் தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். விக்னேஸ் செபராங் ஜெயாவில் அந்தப் புது ஃபிளாட்டில் தனியாக இருந்தார். கோயில் கல்யாணத்துக்கு நாளைப் பத்து மாதம் தள்ளிக் குறித்தோம். அது வரைக்கும் எங்களைப் பொறுத்தவரை அவர் மாப்பிள்ளையாகப் போகிறவர், அவ்வளவுதான்.

ஆறாவது மாதம், வேலை முடிந்து மழையில் வரும்போது விக்னேஸின் மோட்டார் சைக்கிள் வழுக்கி, வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. நானும் தர்ஷினியும் மருத்துவமனைக்கு ஓடினோம். வார்டு முகப்பில் இருந்த தாதி, நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று மலாய் மொழியில் கேட்டார். கட்டிக்கொள்ளப் போகிற பெண் என்று சொல்வதற்காக நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தர்ஷினி, மனைவி என்று சொல்லிவிட்டாள். கைபேசியில் இருந்த சான்றிதழையும் காட்டினாள். தாதி அவளை மட்டும் உள்ளே விட்டார். நான் வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். மகள் பொய் சொல்லிவிட்டதைப் போல எனக்குக் கூச்சமாக இருந்தது.

விக்னேஸை வீட்டுக்கு அனுப்பிய அன்று தர்ஷினி ஒரு பையில் துணியை அடுக்கினாள். அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, போகிறேன் என்றாள். தாலி ஏறாமல் அந்த வீட்டில் கால் வைக்கக் கூடாது என்றேன் நான். பத்திரிகை அடித்தாகிவிட்டது, நாளைக்கு நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்றேன். அவள் சின்ன ரைஸ் குக்கர் ஒன்றை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அவளோடு மூன்று வாரம் பேசவில்லை. என் மனைவி புஷ்பா தினமும் என் முன்னாலேயே அவளுக்கு அழைத்துப் பேசுவாள், நான் எழுந்து வெளியே போய்விடுவேன். சங்கத்துக்கும் போவதை நிறுத்திவிட்டேன். அங்கே போனால் அந்த மேசையைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா பஸ் பிடித்து ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுக்கு வந்தார். புஷ்பாதான் அழைத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. புத்தி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு சந்தேகம் கேட்க வந்தவரைப் போலத்தான் ஆரம்பித்தார்.

"தம்பி, அன்னிக்கு நீங்கதான் போராங் நிரப்புனீங்க. நான் கையெழுத்துப் போட்டேன். நாம என்ன பண்ணுனோம்னு நெனச்சீங்க?"

"அது வீட்டு லோனுக்குத்தானேக்கா. வெறும் ரிஜிஸ்டர்."

"அப்ப ஏழு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை நாம ரெண்டு பேரும் உக்காந்து என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்?"

அவர் குரலில் குத்தல் இல்லை. உண்மையிலேயே என்னிடமிருந்து தெரிந்துகொள்ள விரும்பினார். நான் எரிச்சலோடு, தாலி கட்டினால்தான் நம் ஆட்களுக்குக் கல்யாணம், மற்றது எல்லாம் காகிதம் என்றேன். அக்கா அதுவரைக்கும் எங்கள் சங்கத்தில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், எண்பதுகளின் நடுவில், அக்காவுக்குத் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினார்கள். ரிஜிஸ்டர் செய்ய வேண்டும் என்ற சட்டம் அப்போதே வந்துவிட்டது. ஆனால் தோட்டத்தில் யார் அதைப் பார்த்தார்கள். சாமி பார்க்கத் தாலி ஏறியது, ஊர் சாப்பிட்டது, போதும் என்றிருந்தார்கள். கணவர் லாரி ஓட்டுநர். ஆறு வருடம் சேர்ந்திருந்தார்கள். பிள்ளை இல்லை. ஜொகூருக்கு வேலைக்குப் போனவர் அங்கே வேறொரு பெண்ணை முறைப்படி ரிஜிஸ்டர் செய்துகொண்டார் என்று தகவல் வந்தது. அக்கா கல்யாணப் படத்தை எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கல்யாண சூராட், அதாவது சான்றிதழ், எங்கே என்று கேட்டார். இல்லை. படத்தைக் காட்டினார். கழுத்தில் இருந்ததைக் காட்டினார். அந்தப் பெண் இரண்டு தடவை பதிவேட்டைத் தேடிப் பார்த்துவிட்டு, எங்கள் கணக்கில் உங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நான் அந்தப் பொண்ணக் கோவிச்சுக்கல தம்பி. அது நல்ல பொண்ணு. நான் ஒண்ணுதான் கேட்டேன். அப்ப இந்த ஆறு வருஷமா நான் என்னன்னு. அதுக்கு அதால பதில் சொல்ல முடியல. அன்னிலேருந்து நானும் அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்." அவரே தொடர்ந்தார். "பேக்டரி போராங்குல நான் பூஜாங். கோயில்ல நான் வாழாவெட்டி. ஒரே ஆளுதான்."

பூஜாங் என்றால் மலாயில் கல்யாணம் ஆகாதவர். எந்தப் பிரிவுக்காக நாங்கள் மூன்று பேர் கை தூக்கி அவரை வேண்டாம் என்றோமோ, அந்தப் பிரிவு சட்டப்படி நடக்கவேயில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எதையாவது பேச வேண்டுமே என்று, அந்தத் தாலியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். இடது கையில் இருந்த மெல்லிய வளையலைத் திருப்பிக் காட்டினார். அம்மாவின் தோட்டை அழித்துச் செய்த தாலி அது, யாருக்காக அதைக் கோயில் உண்டியலில் போட வேண்டும், மாற்றிப் போட்டுக்கொண்டேன் என்றார்.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நான் தாலி வேணாம்னு சொல்லல. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். எது கல்யாணம்னு எனக்கு இன்னும் தெரியல தம்பி. ஆனா கால் ஒடிஞ்சு கெடக்கற ஆளுக்குக் கஞ்சி வெச்சுக் குடுக்கறது அதுல சேருமா, சேராதா? அத மட்டும் யோசிச்சுப் பாருங்க."

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்தேன். புஷ்பாவும் நானும் கடல் பாலத்தைக் கடந்து செபராங் ஜெயா போனோம். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் சொன்ன உடற்பயிற்சியை விக்னேஸ் பத்துத் தடவை செய்தேன் என்கிறார், ஆறுதான் என்கிறாள் இவள். எங்களைப் பார்த்ததும் அவர் ஊன்றுகோலைத் தேடி எழுந்திருக்கப் பார்த்தார். உட்காருங்கள் மாப்பிள்ளை என்றேன். அந்த வார்த்தையை அன்றுதான் முதல் தடவை சொன்னேன். தர்ஷினி உள்ளே போய்த் தேநீர் கலந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. நான் குளியலறைக்குப் போய்ப் பார்த்தபோது பிடித்துக்கொள்ள அங்கே ஒரு கம்பிகூட இல்லை. அடுத்த சனிக்கிழமை துளை போடும் இயந்திரத்தோடு போய் இரண்டு கைப்பிடி பொருத்தினேன். எந்த உயரத்தில் வேண்டும் என்று விக்னேஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் சமாதானம் ஆனது அப்படித்தான். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கல்யாண நாள் நெருங்கியபோது மாப்பிள்ளைக்குச் சம்மணம் போட்டு உட்கார முடியாது என்றாகிவிட்டது. உறவினர்கள் நாள் தள்ளிப் போடச் சொன்னார்கள், சகுனம் பேசினார்கள். அக்கா தன் சிநேகிதரான குருக்களுக்கு அழைத்து, நாற்காலியில் உட்கார்ந்து தாலி கட்டினால் சாஸ்திரத்தில் எங்கே இடிக்கும் என்று கேட்டார். குருக்கள் ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள், எங்கேயும் இடிக்கவில்லை, அக்கினியை மூன்று தடவை சுற்றுவதற்குப் பதில் ஒரு தடவை மெதுவாகச் சுற்றினால் போதும், அவசரமில்லை என்றார்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாலை மண்டப அறிவிப்பாளர் தான் பேசப்போவதை எழுதி எனக்கு அனுப்பியிருந்தார். அதில், இன்று முதல் கணவன் மனைவியாகும் மணமக்கள் என்று ஒரு வரி. வழக்கமான வரிதான், எத்தனையோ மண்டபத்தில் கேட்டிருக்கிறேன். அதை அடித்துவிட்டு, ஏற்கெனவே கணவன் மனைவியாக வாழும் இவர்களுக்கு இன்று தாலி கட்டும் விழா என்று எழுதி அனுப்பினேன். அவர் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். மண்டபத்தில் அந்த வரியை ஒலிபெருக்கியில் வாசித்தபோது என் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விக்னேஸ் நாற்காலியிலிருந்து குனிந்து முடிச்சுப் போட்டார். நான் அட்சதை தூவிவிட்டு அக்கா எங்கே என்று தேடினேன். மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் தூவி முடித்துவிட்டார்கள். அவர் மட்டும் கையில் அரிசியை வைத்துக்கொண்டு, எட்டி எட்டித் தாலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூவ மறந்தே போனார். பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த வரியை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். "அண்ணன் என்ன சொன்னாரு?" என்றார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "சொன்னா எனக்குச் சொல்லுங்க" என்று பாயசத்தை இன்னொரு தடவை வாங்கிக்கொண்டார்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் அந்தக் கடைப்படியில் உட்கார்ந்திருந்தேன். நளினியை அழைத்து, பெயருக்கு முன்னால் ஒன்றும் போட வேண்டாம், கமலவேணி என்று மட்டும் போடு, கீழே திருமணத் துணைப் பதிவாளர் என்று போடு என்றேன். பத்திரிகை அலுவலகத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து அவளை மறுபடி அழைத்துக் கேட்டார்களாம். விட்டுப்போகவில்லை என்று அவள் சொல்லிவிட்டாள்.

தாசேக் கெலுகோரில் அவர் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஜோடி ஜோடியாக வந்தவர்கள். வாடகைக்கு எடுத்த கூடாரத்தில் இடம் போதவில்லை. அவரவர் கதையைச் சொன்னார்கள். அந்தப் பக்கத்து அறையில் தான் சொன்ன பதிலை இன்னும் மனைவியிடம் சொல்லவில்லை என்று ஒருவர் சொன்னார். அவர் மனைவி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்பதையும் சொல்லி முடிக்கிறேன். அவர் இடத்துக்குச் சங்கம் என் பெயரை அனுப்பியிருக்கிறது. கடிதம் இன்னும் வரவில்லை. வந்தால், மணமக்களிடம் சட்டம் சொல்லும் கேள்வியை நான் கேட்க வேண்டும்: யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், உங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் இவரை ஏற்கிறீர்களா? பல பதிவாளர்கள் இதைக் கேட்கும்போது படிவத்தைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. ஆமாம் என்ற பதில் எப்படியும் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அக்கா கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து எதிரே இருக்கும் முகத்தைப் பார்ப்பார். என்ன பதில் வரும் என்று தெரியாதவரைப் போலக் காத்திருப்பார். ஆயிரம் தடவை கேட்டிருப்பார், ஆயிரம் தடவையும் அப்படித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை வீட்டில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். புஷ்பா மேசையில் செய்தித்தாளை விரித்து நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம். அவள் அப்பாவும் என் மாமாவும் பேசி முடித்தது. அவள் பெயரைச் சொல்லி, அவள் முகத்தைப் பார்த்து, அந்தக் கேள்வியை முழுதாகக் கேட்டேன். விளையாட்டு என்று நினைத்து இன்னும் இரண்டு நெத்திலியைக் கிள்ளினாள். பிறகு நிறுத்தினாள்.

"அன்னிக்கு யாரும் இப்படிக் கேக்கல," என்றாள். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு தெரியல. இருங்க. யோசிச்சுச் சொல்றேன்."

வேறு நாளாக இருந்தால் சிரித்துப் பேச்சை மாற்றியிருப்பேன். அன்று மாற்றவில்லை. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு யோசித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.